கண்மையை மேலே தூக்காதீர்கள்: எகிப்து அரசர்களின் முகத்தை வரைபவர்கள் செய்யும் தவறுகள்

நான் முதலில் வரைந்த 'எகிப்து ராணி' இன்னும் பழைய நோட்டில் இருக்கிறாள். தலையில் நெஃபர்டீட்டியின் நீல மகுடம், மார்பில் இளம் அரசன் துட்டன்காமுனின் அகன்ற கழுத்தணி, கீழே நான் எழுதிய பெயர் கிளியோபாட்ரா. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குக் கிளம்பிய மாதிரி நிற்கிறாள்.

நெஃபர்டீட்டி கி.மு. 14-ஆம் நூற்றாண்டு எகிப்து ராணி. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். நடுவில் ஏறக்குறைய 1300 ஆண்டுகள். போதாததற்கு, கிளியோபாட்ரா மாசிடோனியக் கிரேக்க வம்சத்தில் வந்தவர். அவருடைய நாணயங்களில் பின்கொண்டையும் தலையைச் சுற்றிய துணிப்பட்டையும் எடுப்பான மூக்குமாகத் தெரிகிறார். அதே கிளியோபாட்ரா தெண்டரா கோயில் சுவரில் முழு எகிப்திய ராணி கோலத்தில் நிற்கிறார். இரண்டில் எதை வேண்டுமானாலும் வரையலாம், இரண்டையும் குழப்பத்தான் கூடாது. 'எகிப்து' என்று பொதுவாக வரைய உட்கார்ந்தால் மாறுவேடம்தான் வரும். ஒரு சிலை, ஒரு முகமூடி, அல்லது ஒரு சுவர்ச் சிற்பம் என்று எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே பாருங்கள்.

அப்புறம் கண். நம் கைக்குப் பழகிய ஐலைனர் கோடு வெளிமூலையில் மேல்நோக்கிச் சிறகு மாதிரி எழும். இறந்த துட்டன்காமுனின் முகத்தில் வைத்த தங்க முகமூடியில் அப்படி இல்லை. மைக்கோடு கண்ணின் வெளிமூலையைத் தாண்டி, காதை நோக்கிக் கிட்டத்தட்ட மட்டமாகப் போகிறது. புருவமும் அதற்கு மேலே இணையாக நீள்கிறது. இந்த இரண்டு கோடுகளும் சேர்ந்து ஓடுவதுதான் அந்த முகத்தின் அமைதி. கோட்டை மேலே தூக்கினால் அரசன் போய் சினிமா வில்லி வந்துவிடுவாள். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தக் கண்களின் மூலைகளில் லேசாகச் சிவப்பு தீட்டியிருக்கிறார்கள். அந்தத் துளிச் சிவப்பை விட்டுவிட்டால் பார்வை பொம்மைப் பார்வையாகிவிடும்.

நெஃபர்டீட்டிக்கு இந்த நீண்ட வால்கோட்டை நீட்டாதீர்கள். அவருடைய மார்பளவுச் சிலையில் மை மெல்லிய விளிம்பாகவே இருக்கிறது. 1912-இல் எகிப்தின் அமர்னாவில், துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறை இருந்த இடத்தில் கிடைத்த சிலை அது. இப்போது பெர்லினில் நோயஸ் மியூசியத்தில் இருக்கிறது.

அதை வரைபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கழுத்தில். கழுத்தையும் மகுடத்தையும் நேர்செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள், தலையில் குடத்தைக் கவிழ்த்த மாதிரி. பக்கவாட்டுப் படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கழுத்து தோளிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து ஏறுகிறது, மகுடம் நெற்றியிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து போகிறது. அந்தக் கனத்தைக் கழுத்துத் தசைகள் தாங்குவது கூடத் தெரியும். முகத்தைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு சாய்வுகளையும் பென்சிலால் இரண்டே கோடாக இழுத்துவிடுங்கள். இது சரியாக வந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தச் சிலையின் இடது கண்ணில் கருவிழி இல்லை. காதுகள் உடைந்திருக்கின்றன, நெற்றியில் இருந்த நாகமும் உடைந்துபோனது. நீங்கள் வரைவது சிலையையா, அந்தப் பெண்ணையா? சிலை என்றால் இடது கண்ணைக் காலியாகவே விடுங்கள். பெண் என்றால் எல்லாவற்றையும் முழுதாக்குங்கள். கண்ணை நிரப்பிவிட்டு உடைந்த காதை அப்படியே வரைந்தால் அடிபட்டவர் மாதிரி இருக்கும். 2009-இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு ஒரு சுவாரசியமான விஷயத்தைக் காட்டியது. மேல்பூச்சுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லில் இன்னொரு முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் வாயோரம் சுருக்கங்கள், மூக்கில் சிறு மேடு. சிற்பி அதையெல்லாம் பூச்சில் வழவழப்பாக்கியிருக்கிறார். பெண்ணை வரைவதானால் அவற்றைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்வேன்.

எகிப்து என்றாலே எல்லா முகமும் இளமையாக, மழமழவென்று இருக்கவேண்டும் என்பதும் தவறான எண்ணம். மூன்றாம் செனுஸ்ரெட் என்ற எகிப்து அரசரின் சிலைகளைப் பாருங்கள். கனத்த இமைகள், குழிந்த கன்னம், பெரிய காதுகள், இறங்கிய உதடு. ஷேடிங் பழக அதைவிட நல்ல முகம் கிடைக்காது.

கோடு போட்ட தலைத்துணியில் பலர் காதை மறைத்துவிடுகிறார்கள். துணி காதுக்குப் பின்னால் போகிறது, காது முழுதாக வெளியே தெரியும். நெற்றியில் கோடில்லாத ஒரு பட்டை. பக்கத்தில் விரியும் பகுதியில் கோடுகள் சாய்ந்து ஓடும், மார்பில் விழும் இரண்டு தொங்கல்களில் கிடையாக ஓடும். எல்லாவற்றையும் ஒரே திசையில் போட்டால் துணி தட்டையாகி அட்டை மாதிரி ஆகிவிடும்.

தாடியும் அப்படித்தான். துட்டன்காமுனின் முகமூடியில் இருப்பது பின்னல் போட்டு நுனி முன்னால் வளைந்த தாடி. அது தெய்வங்களுக்கும், இறந்து, இறந்தவர்களின் தெய்வமான ஒசைரிஸ் ஆகிவிட்ட அரசனுக்கும் உரியது. உயிரோடு ஆளும் அரசனுக்கு நுனி வளையாத, நேரான ஒட்டுத்தாடி. ஹட்செப்சுட்டை வரையும்போது 'பெண்ணுக்கு ஏது தாடி' என்று எடுத்துவிடாதீர்கள். ஃபாரோவாக, அதாவது எகிப்தின் அரசராகவே ஆண்ட அவர், சிலைகளில் தாடியோடுதான் நிற்கிறார்.

தங்கத்துக்குத் தங்க நிற ஸ்கெட்ச் பேனா வேண்டாம். அது தாளில் சாம்பல் பூத்துக் கிடக்கும். காவி மஞ்சள், அடர் பழுப்பு, கூர்மையான வெள்ளைப் புள்ளி: இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் மோதினால்தான் உலோகம் மின்னும். முகத்துக்குப் போட்ட மென்மையான ஷேடிங்கை இங்கே போட்டால் தங்கம் மஞ்சள் மாவாகிவிடும்.

சுவர்ச்சித்திரப் பாணி என்றால் விதிகள் வேறு. முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேர்ப்பார்வையில், தோள்களும் நேராக. பக்கவாட்டு முகத்தில் கண் முக்கோணமாகத் தெரியவேண்டுமே என்று 'திருத்த'ப் போகாதீர்கள். ஷேடிங்கும் வேண்டாம், தட்டை வண்ணமும் தெளிவான வெளிக்கோடும் போதும். நிற்கும் உருவத்தைப் பாதத்திலிருந்து நெற்றி முடிவரை 18 கட்டமாகப் பிரித்துத்தான் அவர்கள் வரைந்தார்கள். அதில் தோளிலிருந்து நெற்றி முடிவரை இரண்டே கட்டம். தலையைப் பெரிதாகப் போடும் பழக்கத்துக்கு இந்தக் கட்டம் நல்ல மருந்து.

கடைசியாக, ஓரத்தில் நீள்வட்ட வளையத்துக்குள் பெயர் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். கையில் வந்த பறவையையும் பாம்பையும் போட்டு நிரப்பாதீர்கள், அவை எகிப்தியப் பட எழுத்துகள். அந்த வளையம் அரச குடும்பத்தின் பெயருக்கானது. எந்தப் பக்கத்திலிருந்து படிக்கவேண்டும் என்பதைப் பறவைகளின் முகமே சொல்லும்: அவை வரியின் தொடக்கத்தைப் பார்த்து நிற்கும். துட்டன்காமுன் பெயரில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கடைசியில் உச்சரிக்கும் 'அமுன்' தெய்வத்தின் பெயர் என்பதால், மரியாதைக்காக அதை முதலில் எழுதியிருப்பார்கள்.