சேலத்திலிருந்து 2019 கனடா கால்பந்து சீசனைப் படிக்க

இங்கே கால்பந்து என்றால் சாக்கர் அல்ல, அமெரிக்கன் ஃபுட்பாலை ஒத்த கனடிய ஆட்டம். முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். டொராண்டோவில் ஜூலை மாலை 7 மணி ஆட்டம் என்றால் சேலத்தில் மறுநாள் விடிகாலை 4.30, நவம்பர் 3-க்குப் பிறகு 5.30. இதை விட்டால் நோட்டில் தேதி முழுக்க ஒருநாள் பிசகும்.

கிழக்கு, மேற்கு என இரு பிரிவில் ஒன்பது அணி, ஆளுக்கு 18 ஆட்டம். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. பட்டியலில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் எட்மண்டன்: மேற்கில் நான்காவது, ஆனால் ஆடியது கிழக்கு பிளேஆஃபில் (லீக் ஆட்டங்கள் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்று). ஒரு பிரிவின் நான்காம் அணி அடுத்த பிரிவின் மூன்றாம் அணியைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தால் அந்த இடம் அதற்கே. சமமாக இருந்தால் கிடையாது. எட்மண்டன் 16 புள்ளி, கிழக்கில் மூன்றாவதான டொராண்டோ 8. நியாயமான விதிதான்.

முதலிடத்தை வைத்துச் சாம்பியனை ஊகிக்காதீர்கள். கிழக்கில் முதலிடம் பிடித்த ஹாமில்டனுக்கு 15 வெற்றி, 3 தோல்வி; மேற்கில் மூன்றாவதாக வந்த வின்னிபெக் இறுதியில் அதை 33-12 என வீழ்த்தியது.