ஃபாக் லேம்ப் போட்டால் ஹெட்லைட் மங்குதா?

ஓசூரிலிருந்து பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் காய்கறி ஏற்றிவரும் பிக்கப். இரண்டு 55 வாட் ஃபாக் லேம்ப் மாட்டியதிலிருந்து தொல்லை: அதைப் போட்டால் ஹெட்லைட் மங்கும், சுவிட்ச் சுடும். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். செல்ஃப் ஸ்டார்ட்டர்தான் ஒரே தட்டில் எடுக்கிறதே, பேட்டரியில் என்ன கோளாறு? அதனால் அவர்கள் பேச்சை நான் கேட்கவில்லை.

விளக்கை எரியவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் லேம்பின் எர்த் ஒயர் (மின்சாரம் வண்டி பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் ஒயர்) முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 1.4 வோல்ட் அந்த வழியிலேயே வீணாகிறது! 0.2 தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ஹெட்லைட்டுக்கும் அதே போல்ட்தான் எர்த். கழற்றினால் அடியில் பெயின்ட், ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. இரும்பு பளிச்சிடும்வரை எமரி பேப்பரால் தேய்த்து, முனையை மாற்றி முறுக்கினேன்.

இரண்டு விளக்கும் சேர்ந்து 110 வாட் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர்; அதை டாஷ்போர்டு சுவிட்ச் தலையில் கட்டுவது அநியாயம். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ரிலே வாங்கினேன்; சுவிட்சின் சிறு மின்சாரத்தை வைத்தே விளக்கின் பெரிய மின்சாரத்தை இது திறந்து மூடும். அதன் பின்களில் எண்கள் இருக்கும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-ஆம் பின், விளக்குக்கு 87, சுவிட்சுக்கு 86, எர்த்துக்கு 85. இப்போது சுவிட்ச் சுடுவதே இல்லை.