வால்பாறை மலைச்சாலையில் பறவை பார்க்க ஒரு நாள்
பொள்ளாச்சியில் இருட்டோடு கிளம்புங்கள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். ஓடும் வேனில் பைனாகுலர் பார்த்தால் குமட்டும். ஏசி போடாதீர்கள்: குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்று பட்டதும் ஆவி படியும், துடைப்பதற்குள் பறவை போய்விடும். வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது.

மேலே மழைக்காட்டில் பழுத்த அத்திமரம் கண்டால், அகலமான ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து அரைமணி காத்திருங்கள். நீராவி ரயில் போல 'புஸ் புஸ்' என்று சிறகோசைதான் முதலில் கேட்கும். பிறகுதான் பழம் தின்ன இருவாச்சி என்னும் பெரிய அலகுப் பறவை வரும். போனில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். கூடுகட்டும் காலத்தில் பெட்டை மரப்பொந்தில் அடைபட்டிருக்கும். சேவல் கொண்டுவரும் இரைதான் பெட்டைக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. போன் குரலைக் கேட்டுச் சேவல் திசைமாறினால் இரண்டும் பட்டினி.

நான்கு மணிக்கே இறங்குங்கள், இரண்டாம் கியரில். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காது.