மடிக்கணினி கோளாறா? கையெழுத்துப் போடும் முன் சர்வீஸ் சீட்டைப் படியுங்கள்

அண்ணா சாலைக் கடை ஒன்றில் 52,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மடிக்கணினி, நான்காவது மாதமே சூடேறினால் திரை இருண்டுபோகத் தொடங்கியது. மூன்று முறை சர்வீஸ் மையத்துக்கு அலைந்தேன். கடைசியில் வழக்கறிஞர் வைக்காமல் நானே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போனதும் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பில்லைப் பத்திரப்படுத்துங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. சர்வீஸ் சீட்டு

நான் சறுக்கியது இங்கேதான். முதல் இரண்டு முறையும் "சரியாகிவிட்டது, எடுத்துப் போங்கள் சார்" என்றார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். பிறகு படித்தால், 'கோளாறு எதுவும் தென்படவில்லை' என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. கணினி நன்றாக இருப்பதாக நானே எழுதிக் கொடுத்த மாதிரி!

மூன்றாம் முறை, திரை இருள்வதைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போனேன். 'சூடானதும் திரை இருள்கிறது, மூன்றாவது முறை' என்று சீட்டில் ஏறும்வரை கவுன்டரை விட்டு நகரவில்லை. திரும்ப வாங்கும்போது எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்றும் எழுதி வாங்குங்கள். மறுத்தால் கையெழுத்துக்கு மேலே 'கோளாறு தீரவில்லை' என்று நீங்களே எழுதிவிடுங்கள். பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது.

2. 1915

தேசிய நுகர்வோர் உதவி எண். சமரசம் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. எனக்குப் பயன்படவில்லை, ஆனாலும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நோட்டீஸ்

இது புகாருக்கு முன் நீங்களே எதிர்தரப்புக்கு அனுப்புவது. பதினைந்து நாள் கெடு வைத்து விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கெஞ்சுவது வீண்.

4. புகார்

நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் பதியலாம். கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தால் இருக்கட்டும். சென்னையில் வடக்கு, தெற்கு என்று தனித்தனி மாவட்ட ஆணையங்கள் உண்டு. உங்கள் பகுதி எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை, தயாரிப்பாளர், சர்வீஸ் மையம் மூவரையும் எதிர்தரப்பில் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டாலும் மற்றவர்கள் அவரைக் கைகாட்டுவார்கள். 'புதிய கணினி, இல்லையேல் முழுப் பணம்' என்று இரண்டையும் கேளுங்கள். மன உளைச்சலுக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் தனி.

சேர்க்கை: வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்யும் ஒரு வாசகி, 'தொழிலுக்கு வாங்கியது, நான் நுகர்வோரா?' என்று கேட்டிருந்தார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கி, தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். புகாரில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: மின்னஞ்சல் அச்சுப்படிகளோடு பாரதிய சாக்ஷிய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவுச் சான்றிதழை, அதாவது மின்னணு ஆவணத்துக்கான சான்றை, இணைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் 65-பி என்றே இருக்கும். அது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பிரிவு. அந்தப் பழைய சட்டம் 2024 ஜூலையோடு போய்விட்டது, பார்த்து நகலெடுங்கள்.