மந்த காலத்தில் கெமிக்கல் வாங்குவது எப்படி?

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் சின்ன இடம் எடுத்து, உணவுக்கடைகளுக்குப் பாத்திரம் கழுவும் திரவம், பிசுக்கு நீக்கி எல்லாம் செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆர்டர் குறையும் நேரத்தில் கையில் இருக்கும் காசுதான் தொழிலைக் காப்பாற்றும். அதை டிரம்களில் முடக்கிவிடாதீர்கள்.

படி 1: கையிருப்பை வாரக்கணக்கில் எண்ணுங்கள்
போன வருட விற்பனை வேண்டாம். கடைசி நான்கு வாரத்தில் எவ்வளவு சரக்கு செலவானது என்று மட்டும் பாருங்கள். 180 கிலோ இருக்கிறது, வாரம் 30 கிலோ போகிறது என்றால் ஆறு வாரம் தாங்கும். இரண்டு வாரத்தில் சரக்கு வந்துசேரும் என்றால் இப்போது ஆர்டரே தேவையில்லை.

படி 2: வீரியத்தை வைத்து விலை பாருங்கள்
புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நுரை தரும் எஸ்எல்இஎஸ் 70% வீரியமுள்ள பசையாகவும் வரும், 28% வீரியமுள்ள நீர்மமாகவும் வரும். ஒரு பேச்சுக்கு, பசை கிலோ 2.10 வெள்ளி, நீர்மம் 0.98 வெள்ளி என்று வைப்போம். இப்போது விலையை வீரியத்தால் வகுத்துப் பாருங்கள், தண்ணீர் போக ஒரு கிலோ அசல் சரக்கின் விலை தெரியும்:

2.10 ÷ 0.70 = 3.00 வெள்ளி
0.98 ÷ 0.28 = 3.50 வெள்ளி

மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. தண்ணீருக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுப்பீர்கள். ஆனால் பசையைத் தண்ணீரில் மெதுவாகச் சேர்த்துக் கலக்கப் பொறுமை வேண்டும். பசைமேல் தண்ணீரை ஊற்றினால் கட்டிதட்டிவிடும். அப்புறம், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் 9% வரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அது திரும்பக் கிடைக்காது.

படி 3: தள்ளுபடிச் சரக்கின் வயதைக் கேளுங்கள்
பேட்ச் எண், உற்பத்தித் தேதி, பகுப்பாய்வுச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். 2020-ல் விலை இறங்கியதென்று காஸ்டிக் சோடா மூட்டைகளை நான் மொத்தமாக வாங்கினேன். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதி மூட்டைகள் பாறையாகிவிட்டன. அந்த நட்டம் இன்னும் வலிக்கிறது.

படி 4: முன்பணத்துக்கு முன் விசாரியுங்கள்
புதிய சப்ளையர் என்றால், நிறுவனம் இயங்குகிறதா என்று, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் பாருங்கள். ஆல்கஹால் போன்ற தீப்பற்றும் சரக்கு என்றால், எவ்வளவு வரை உரிமமின்றி வைக்கலாம் என்று குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

படி 5: பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்
"அண்ணே, மூணு டிரம் விலைக்கே மாசம் ஒண்ணா அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். அவருக்கும் ஆர்டர் குறைந்திருக்கும். என் சப்ளையர் சரி என்றார், 30 நாள் கடனும் தந்தார்.