ஏசி மிலானின் எல்லாக் காலத்துக்குமான பதினொருவர்: தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு கால்பந்து கிளப்பின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த அணியை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1899-இல் தொடங்கி, ஐரோப்பாவின் தலைமைக் கோப்பையை ஏழு முறை வென்ற ஏசி மிலானுக்கு நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அந்தப் பட்டியலை மூன்று முறை அடித்துத் திருத்திய பிறகு எனக்குப் பலன் தந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். ஆட்டக்காரர்களின் இடங்களும் இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெயருக்கு முன் விதி

மூன்று விதிகள் போதும். முதலாவது, மிலான் சட்டையில் ஆடியது மட்டுமே கணக்கு. 1950 உலகக் கோப்பையில் உருகுவே பிரேசிலை வீழ்த்திய ஆட்டத்தில் ஷியாஃபினோ அடித்த கோல் இங்கே சேராது. 1954 முதல் ஆறு பருவங்களில் அவர் மிலானுடன் வென்ற மூன்று லீக் பட்டங்கள் சேரும். முன்கள வீரர் வான் பாஸ்டன் 1988, 1989, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளில், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருது பெற்றார் என்பதைப் பார்த்ததும் மூன்றையும் மிலான் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கணுக்கால் காயத்தால் 1987–88 பருவத்தில் அவர் ஆடியது 11 லீக் ஆட்டங்கள்தான். 1988 விருதுக்குப் பெரிய காரணம் அந்தக் கோடையில் நெதர்லாந்துக்காக அவர் ஆடிய, நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கோப்பை.

இரண்டாவது, குறைந்தது நான்கு பருவங்கள். இந்த ஒரு விதியால் பிரேசிலின் ரொனால்டோ, ரொனால்டினோ, பெக்காம் ஆகிய மூவரும் விவாதம் இல்லாமல் விலகிவிடுகிறார்கள். மூன்றாவது, ஒருவரை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அந்த இடத்தில் அவர் மிலானுக்காகத் தொடர்ந்து ஆடியிருக்க வேண்டும்.

படி 2: முப்பது அட்டைகள்

பழைய மாதக்காலண்டர் தாளை வெட்டி, பின்பக்கத்தில் ஆளுக்கு ஓர் அட்டையாகப் பெயர், ஆண்டுகள், இடம் ஆகியவற்றை எழுதுங்கள். அணியை வரைந்து தரும் கைபேசிச் செயலிகளை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்தவுடன் அவை பதினோரு வெற்று வட்டங்களைக் காட்டும்; வட்டத்தைக் கண்டதும் கை தானாகப் பெயரை நிரப்பப் பார்க்கும். அட்டைகளைத் தரையில் பரப்பினால் ஒரே இடத்துக்கு எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பது முதலில் தெரியும்.

படி 3: வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடுதல்

குன்னார் நோர்டால் 257 சீரி ஆ ஆட்டங்களில் மிலானுக்காக 210 கோல் அடித்தார். இந்த எண்ணைப் பிற்காலத்தவரின் எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பதால் பயனில்லை; ஆட்டமுறையும் தடுப்பும் முற்றிலும் மாறிவிட்டன. அதற்குப் பதிலாக, தன் காலத்தவரிடையே அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். 1949–50 முதல் 1954–55 வரையான ஆறு பருவங்களில் ஐந்தில் லீக்கின் அதிக கோல் அடித்தவர் அவரே. அவருடைய ஆட்டத்தை முழுமையாகப் பார்க்க நமக்குப் படம் கிடைப்பதில்லை என்பதற்காக அவரை ஒதுக்குவது பெரிய அநீதி என்பது என் உறுதியான கருத்து.

தடுப்பாட்டக்காரர்களுக்கு எண் உதவாது. முழு ஆட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும். கோல்களை மட்டும் கோத்த சிறு காணொளிகள் இதற்குப் பயன்படாது. 1989 ஏப்ரல் 19 அன்று ரியல் மாட்ரிட்டை மிலான் 5–0 என்று வென்ற ஐரோப்பியத் தலைமைக் கோப்பை அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பார்க்காமல், நடுத் தடுப்பாட்டக்காரர் பரேசியின் 6-ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள். எதிரணி வீரர் பந்தைப் பின்னோக்கித் தள்ளும் கணத்தில் பரேசி முன்னேற, தடுப்பு வரிசையின் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் உடன் நகர்வார்கள். ஆஃப்சைடு என்று அவர் கை உயரும்போது எதிரணியின் முன்கள வீரர் தனியே நின்றுகொண்டிருப்பார். அதைப் பார்த்த பிறகு அந்த இடத்துக்கு வேறு அட்டை தேவைப்படாது.

படி 4: நான் தடுக்கி விழுந்த இடம்

என் முதல் பட்டியலின் நடுக்களத்தில் பிர்லோ, ரிவேரா, காகா, குல்லிட் ஆகிய நால்வர் இருந்தார்கள். கேரம் பலகையில் காய்களை அடுக்கி, எதிரணிக்கும் பதினோரு காய்களை வைத்து, பந்து அவர்களிடம் போனால் யார் பறிப்பார் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்ல ஒரு காயும் இல்லை. நால்வரும் பந்து காலில் இருக்கும்போது மேதைகள்; அந்தப் பந்து எப்படிக் கிடைக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அதற்கான விடை மிலானின் வரலாற்றிலேயே இருந்தது. பிர்லோவைப் பயிற்சியாளர் ஆன்செலோட்டி பின்னுக்கு இழுத்து, தடுப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தியபோது, அவருக்குப் பக்கத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கக் கத்தூசோ இருந்தார். ஆகவே ஆட்டக்காரரைத் தனியாகத் தேர்ந்தெடுக்காமல், பக்கத்தில் நிற்பவரோடு சேர்த்து இணையாகத் தேர்ந்தெடுங்கள்.

மால்டினியின் சிக்கலும் இப்படித்தான் தீர்ந்தது. மிலானுக்காக 902 ஆட்டங்கள் ஆடிய அவர், இளமையில் இடப்பக்கத்திலும் பிற்காலத்தில் நடுவிலும் தடுப்பாட்டம் ஆடியவர். ஐரோப்பியத் தலைமைக் கோப்பையின் 1994, 2003 இறுதி ஆட்டங்கள் இரண்டிலும் நடுவில்தான் நின்றார். அவர் எங்கே சிறந்தவர் என்று மட்டும் கேட்டால் விடை வராது. அவரை நடுவில் வைத்தால் இடப்பக்கத்துக்கு ஷ்னெல்லிங்கர் வருவார். இடப்பக்கத்தில் வைத்தால் நடுவில் பரேசியுடன் நெஸ்டா வருவார். இரண்டாவது இணையே வலிமையானது என்பதால் மால்டினி இடப்பக்கம் போனார்.

படி 5: அடுக்குதல்

2003-இல் அந்தக் கோப்பையை வென்ற அணி ஆடிய 4-3-1-2 அமைப்பையே (தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் மூவர், அவர்களுக்கு முன்னால் ஒருவர், முன்களத்தில் இருவர்) எடுத்துக்கொண்டேன். கோல்காப்பு டிடா, அந்த இறுதி ஆட்டத்தின் பெனால்டிகளில் யுவென்டஸின் மூன்று உதைகளைத் தடுத்தவர். தடுப்பில் தஸ்ஸோட்டி, பரேசி, நெஸ்டா, மால்டினி. வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் காஃபு உலகப் புகழ் பெற்றவர்தான். ஆனால் 1980 முதல் 1997 வரை அதே வலப்பக்கத்தைக் காத்த தஸ்ஸோட்டி, பரேசியோடும் மால்டினியோடும் ஒரே வரிசையாகப் பழகியவர்.

நடுவில் ரைகார்ட், வலப்பக்கம் கத்தூசோ, இடப்பக்கம் லீட்ஹோம். அவர்களுக்கு முன்னால் 658 ஆட்டங்கள் ஆடிய ரிவேரா. முன்கள இணை நோர்டாலும் வான் பாஸ்டனும். நோர்டால் கோலருகே நிற்க, வான் பாஸ்டன் கீழே இறங்கிப் பந்து வாங்குவார்.

குல்லிட் வெளியே, கத்தூசோ உள்ளே என்று எழுதும்போது எனக்கு மனம் கனத்தது. 1989 ஐரோப்பியத் தலைமைக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் குல்லிட். ஆனால் அப்போதைய பயிற்சியாளர் சாக்கியின் அணியில் அவர் பெரும்பாலும் வான் பாஸ்டனுக்குப் பக்கத்தில் முன்கள வீரராக ஆடியவர். அவரை வலப்பக்க நடுக்களத்தில் நிறுத்தினால் மூன்றாம் விதி உடைகிறது. ரிவேராவைச் சுமக்க அந்தப் பக்கத்தில் ஓடுபவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்த ஒருவர், இடைவெளி விட்டு இரண்டு முறை ஆடியவர்களை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருந்தார். இப்ராஹிமோவிச் 2010 முதல் 2012 வரையிலும் பின்னர் 2020 முதல் 2023 வரையிலும் ஆடியவர். என் விதி இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பருவங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்திவிட்டேன். அவர் இப்போது தகுதி பெறுகிறார். ஆயினும் அட்டைகளை மீண்டும் பரப்பியபோது முன்கள இணை மாறவில்லை.

இன்னொருவர் சுட்டிக்காட்டிய குறை உண்மையிலேயே பெரியது: முதலில் எழுதிய மாற்று ஆட்டக்காரர்களில் நான் கோல்கீப்பரையே சேர்க்கவில்லை. பதினொருவரை முடித்த களைப்பில் பலரும் இதை விடுகிறார்கள். அதனால் மாற்று வரிசையை அடுத்த நாள் தனியாக எழுதுங்கள். என் திருத்திய வரிசை: 1993–94 பருவத்தில் சீரி ஆவில் 929 நிமிடங்கள் கோல் விடாமல் நின்ற செபாஸ்தியானோ ரோஸ்ஸி, காஃபு, கொஸ்தாகுர்தா, பிர்லோ, காகா, குல்லிட், ஷெவ்சென்கோ. பயிற்சியாளர் ஆன்செலோட்டி. 1989, 1990 கோப்பைகளை மிலானின் ஆட்டக்காரராகவும் 2003, 2007 கோப்பைகளை அதன் பயிற்சியாளராகவும் வென்ற அவருக்கு, இந்த அமைப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.