விலை சொல்ல முதல்: வயல்கரையிலும் வங்கியிலும் உதவும் விற்பனைக் கைப்பழக்கம்

மாசி மாதம் கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தன், கண்டாவளைப் பக்கம் அறுவடை மெஷின் வயலை விட்டு ஏற முதலே லொறி வந்து நின்றுவிடும். "அண்ணை, என்ன விலைக்குக் குடுப்பியள்?" யோசிக்காமல் ஒரு விலையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் ஒரு சதமும் ஏறாது. இறங்கத்தான் செய்யும்.

விற்பனைத் திறமை என்றதும் வாய்ச்சாதுரியம்தான் பலருக்கு நினைவு வருகிறது. வாய்க்கு வேலை கடைசியில்தான். வாங்க வருபவரைவிட உங்கள் பொருளை நீங்கள் நன்றாக அறிந்திருக்க வேண்டும்; அவருக்கு என்ன அவசரம், என்ன இடைஞ்சல் என்று கேட்டறிய வேண்டும். கடன் கேட்கப் போகும்போதும், வேலைக்கு நேர்முகம் போகும்போதும் தேவைப்படுவது இதேதான்.

நெல்லையே எடுப்போம். களஞ்சியத்தில் வைக்கத்தக்க ஈரப்பதன் 14 வீதம். மெஷினால் வெட்டிய நெல் பெரும்பாலும் அதைவிட ஈரமாகத்தான் இருக்கும். 18 வீத ஈரத்தில் 1,000 கிலோ இருந்தால், 14 வீதத்துக்குக் காயும்போது 953 கிலோதான் மிஞ்சும். பச்சை நெல்லுக்குக் கிலோ 100 ரூபா தருகிறார்கள் என்று வையுங்கள். காய்ந்த நெல்லுக்கு 105 ரூபாவாவது கிடைத்தால்தான் கை நட்டமில்லை. காயவிடும் கூலி அதற்குமேல். 103 தருகிறேன் என்பவருக்காக இரண்டு நாள் வெயிலில் நிற்பது வீண். 112 என்றால் காயவிடுங்கள். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற விலையை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். லொறி இரைந்துகொண்டு நிற்கும்போது கணக்கு ஓடாது.

காயவிடுவதென்றால் படங்கில் 2 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பாகப் பரப்பி, அரை மணிக்கொரு தடவை கிளறுங்கள். மெல்லிசாகப் பரப்பி உச்சி வெயிலில் அப்படியே விட்டால் மணி வெடிக்கும். ஆலையில் குறுணல் கூடும். அடுத்த போகத்தில் அந்த ஆலைக்காரர் உங்கள் நெல்லுக்கு விலை குறைப்பார். தார் றோட்டில் காயவிட்டால் கல் சேரும். மொட்டைக்கருப்பனோடு வேறு இனத்தைக் கலப்பதும் கூடாது. கலந்த நெல்லுக்குக் குறைந்த இனத்தின் விலைதான் கிடைக்கும்.

அடுத்தது கழிவு. பேச்சில் விலையை ஏற்றிவிட்டு, நிறுக்கும்போது மூடைக்கு 2 கிலோ கழிப்பது வழக்கமாகிப் போயிற்று. 70 கிலோ மூடை 50 என்றால் 100 கிலோ போய்விடும். கிலோ 100 ரூபாவில் அது 10,000 ரூபா. ஆகவே விலையோடு சேர்த்துக் கழிவையும் பேசி முடியுங்கள். கழிப்பது "சாக்கு நிறை"க்காக என்று வாங்குபவர் சொன்னால் வெறும் உரப்பையைத் தராசில் போட்டுக் காட்டுங்கள். 2 கிலோவுக்குக் கிட்டவும் வராது. இதற்குச் சண்டை வேண்டாம். தராசு பேசினால் போதும்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். "முதலில ஈரத்தைப் பாருங்கோ தம்பி. எந்த ஆலைக்குக் கொண்டு போறியள், இண்டைக்கே ஏத்த வேணுமோ?" என்று கேளுங்கள். வெறும் லொறியோடு திரும்பினால் அவருக்கு டீசல் செலவு. அது தெரிந்தபிறகு விலையை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் தாங்காமல் "சரி, ரெண்டு ரூபா குறைச்சுத் தாறன்" என்று விற்பவர்களே இறங்கிவிடுவதுதான் அதிகம். குறைக்கத்தான் வேண்டுமென்றால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: கழிவில்லாத நிறை, ஏற்றுகூலி அவர் பக்கம், அல்லது காசு இன்றைக்கே கையில். சும்மா குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்றுதான் அவர் நினைப்பார்.

ஏ9 வீதியோரம் கச்சான் விற்பவருக்கு இவ்வளவு நேரமில்லை. வாகனம் நின்று நாலு நிமிடத்தில் போய்விடும். அங்கே சுடச்சுட நாலு கச்சானைக் கையில் கொடுப்பதே பேச்சு. பழசைப் புதிதோடு கலந்து வறுக்காதீர்கள். சிக்கடித்த ஒரு பருப்பு முழுப் பொதியின் பெயரையும் கெடுக்கும்.

வங்கியில் கஷ்டத்தை மட்டும் சொல்லிக் கடன் கேட்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அலுவலருக்கு இரக்கம் இல்லாமலல்ல. உங்கள் விண்ணப்பத்தை அவர் தன் மேலதிகாரிக்கு எழுத்தில் நியாயப்படுத்த வேண்டும்; அதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை ஏக்கர், கடந்த 3 போகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூடை, செலவு எவ்வளவு, நெல்லுக் காசு எந்த மாதம் கைக்கு வரும். தவணையை அறுவடைக்குப் பிந்திய மாதத்தில் கேளுங்கள். மழை பிழைத்தால் எதிலிருந்து கட்டுவீர்கள் என்பதையும், மாட்டுப்பாலோ கூலியோ, அவர் கேட்க முதல் நீங்களே சொல்லுங்கள். குறையை மறைத்துவிட்டுப் பிறகு பிடிபட்டால் மற்றக் கணக்கையும் நம்பமாட்டார்கள். நேர்முகத்திலும் அப்படியே: "கணினி தெரியும்" என்பதைவிட "ஒரு நாளில் 40 படிவம் பிழையில்லாமல் பதிவேன்" என்பது நிற்கும், அது உண்மையாக இருந்தால்.

குளத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உரத்துப் பேசுபவருக்குக் கைதட்டு விழும். வாய்க்கால் திருத்தப்படுவது வேறொருவருடையது. உடைந்த துருசின் (தண்ணீர் திறந்துவிடும் மதகின்) படம், அதற்குக் கீழே எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எத்தனை பை சீமெந்து என்று எழுதி, கூட்டத்துக்கு முதல்நாளே தொழில்நுட்ப அலுவலரிடம் காட்டுங்கள். அவருக்குப் புதினமாக இருக்கும் விடயத்துக்குச் சபையில் "பார்ப்போம்" என்றுதான் பதில் வரும். முடிவானதும், திகதியோடு கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டே எழும்புங்கள்.